வெண்சுதையும் செங்காவியும்: சென்னை இல்லங்களின் அகச்சுவர் நிறம் பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் ஒரு வழக்கு வருகின்றது. குணமாலையும் சுரமஞ்சரியும் தாம் தாம் செய்த நறுஞ்சுண்ணமே சிறந்தது என மாறுபட்டு, வல்லார்பால் தீர்ப்பு வேண்டுகின்றனர். வழக்குச் சீவகனிடம் வருகின்றது. அவன் இரண்டையும் நோக்கித் தன் விருப்பத்தைத் தீர்ப்பாகச் சாற்றவில்லை. சுண்ணங்களை வானில் தூவி, வண்டுகள் எதனை நாடுகின்றன என்று காட்டினான். வண்டினம் குணமாலையின் சுண்ணத்தைக் கொண்டது, வழக்கும் முடிந்தது. இரு பொருள்களை ஒப்பிடுங்கால், காண்பானுடைய விருப்பத்தினும் அப்பொருள்கள் ஆற்றும் தொழிலே சிறந்த சான்று என்னும் நெறியை இப்பகுதியால் அறியலாம்.

சுண்ணம் என்பது பொடி என்னும் பொதுப்பொருளில் நின்று, நறுமணப் பொடிக்கும் பின்னர்ச் சுவரிற் பூசும் சுண்ணாம்புக்கும் உரியதாயிற்று. மேற்கூறிய வழக்கோடு ஒத்ததொரு வழக்கு இன்று சென்னை மாநகரின் இல்லங்கள்தோறும் எழக் காண்கின்றோம். அறை ஒன்றற்கு நிறம் பூசக் கருதுவோர், நிறமாதிரி அட்டையை விரித்து, இந்நிறமோ அந்நிறமோ என ஆராய்கின்றனர். கண்ணுக்கு இனியது எது என்பதே ஆண்டு அளவுகோலாகின்றது. அச்சுவர் எதனால் ஆயது, அவ்வறைக்கு ஒளி எவ்வழி வருகின்றது, அந்நிறம் எப்பொருளாற் செய்யப்பட்டது என்னும் வினாக்கள் எழுதல் அரிது.

இக்கட்டுரையில் யாம் இரண்டு நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று சுண்ணாம்பின் வெண்மை. மற்றொன்று காவிக்கல்லின் செம்மை. தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவருவன இவை. மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு என்னும் மூன்று பகுதிகளின் இல்லங்கள் ஆய்வுக்களமாகும். இவ்விரு நிறங்களும் ஒரே அறையில் தத்தமக்குரிய தொழிலைப் பகிர்ந்துகொண்டு நின்றன என்பதும், காலந்தோறும் இடம் மாறின என்பதும், அம்மாற்றத்தை அறியாது சுவரைத் தீண்டுவோர் இல்லத்தையும் இலக்கியச் சான்றையும் ஒருங்கே இழப்பர் என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

1. நெடுநல்வாடையின் அறை

பழந்தமிழ் நூல்களுள் ஓர் அறையின் உட்புறத்தை மிக நுணுக்கமாக விளக்குவது நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இந்நூல் 188 அடிகளையுடையது. அரசன் பாசறையில் இருக்கின்றான். அரசி அரண்மனையில் தனித்திருக்கின்றாள். மழையும் வாடையும் மிக்க இரவு. யவனர் செய்த பாவையின் கையிலுள்ள அகலில் நெய் பெய்து, பருத்த திரி கொளுத்தப்பட்டுள்ளது. அவ்வொளியில் அரசியின் உள்ளறையைப் புலவர் காட்டுகின்றார்.

அவ்வறையின் சுதைக்கு வெள்ளி உவமையாகின்றது. தூண்களுக்கு நீலமணி உவமையாகின்றது. நெடிய சுவருக்குச் செம்பு உவமையாகின்றது. பல பூக்களையுடைய கொடி ஒன்று அச்சுவரில் எழுதப்பட்டுள்ளது. ஈண்டு ஓர் ஐயம் பிறக்கின்றது. சுதை பூசிய சுவர் வெள்ளிபோல் வெண்மையாக விளங்குமாயின், அதே அறையின் சுவர் செம்புபோன்றது என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வையத்தைத் தீர்த்தற்கு இருவழி உள. செம்பு என்றது நிறம் பற்றியன்று, திண்மை பற்றியது எனக் கொள்வது ஒருவழி. இதற்குச் சங்க நூலிலேயே சான்றுண்டு. கபிலர் இருங்கோவேளைப் பாடிய புறப்பாட்டில் (201) துவரையின் நெடுமதில் செம்பினால் இயன்றதாகக் கூறப்படுகின்றது. ஆண்டு அரணின் வலிமையே கருத்து. இவ்வாறு கொண்டால் அரசியின் அறை முழுதும் வெண்ணிறத்தது என்று முடியும்.

செம்பும் நிறம் பற்றிய உவமையே எனக் கொள்வது மற்றொரு வழி. உவமைக்கு நிலைக்களமாக வினை, பயன், மெய், உரு என நான்கனைத் தொல்காப்பியர் கூறுவர். வெள்ளி சுதையின் ஒளிநிறத்தையும், மணி தூணின் கருநிறத்தையும் உணர்த்த வந்தன; இரண்டும் உருவுவமை. அடுத்தடுத்து வந்த மூன்று உவமைகளுள் முதலிரண்டும் உருவாக, மூன்றாவது மட்டும் பயனுவமை ஆயிற்று என்பதற்குத் தனிக்காரணம் வேண்டும். மேலும், காட்சி நிகழ்வது விளக்கொளியில். வெள்ளியும் மணியும் செம்பும் விளக்கொளியை ஏற்று மிளிரும் பொருள்கள். புலவர் அவற்றையே தேர்ந்தெடுத்தமை நிறமும் ஒளியும் அவர் கருத்து என்பதை வலியுறுத்தும்.

எனினும், ஒரே அறையில் வெண்மையும் செம்மையும் எங்ஙனம் நின்றன என்னும் வினா எஞ்சுகின்றது. உரைநூல்களைக்கொண்டு மட்டும் இதற்கு விடை காண்டல் அரிது. சுவரைக்கொண்டே காணல் வேண்டும்.

2. இரு பொருள்களின் இயல்பு

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயிலிட்டுச் சுட்டால் கரியமில வாயு நீங்கும். சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீர் வார்த்தவுடன் அது கொதித்துப் பூத்து நீறாகும். அந்நீற்றைக் கரைத்துச் சுவரிற் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் ஏற்றுக் கிளிஞ்சலின் பழைய தன்மையை எய்தும். ஆகவே சுண்ணாம்பு பூசிய சுவர், மெல்லியதொரு கல்லாடை போர்த்த சுவர் என்க. அவ்வாடையின் நுண்டுளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறும். சுட்ட சுண்ணாம்பின் வெம்மை நம் முன்னோர் நன்கறிந்தது. திருநாவுக்கரசரை நீற்றறையில் இட்டமை பெரியபுராணத்தால் அறியப்படும். நீற்றறை என்பது சுண்ணாம்புக் காளவாயே.

காவி என்பது இரும்புத் துருவின் இனமாகிய செந்நிறக் கனிமம். சுண்ணாம்பின் காரம் இதனைச் சிதைப்பதில்லை. வெயிலும் இதனை எளிதில் வெளுக்கச் செய்வதில்லை. இவ்வியல்பின் அருமையை உணர்தற்கு மஞ்சளை இதனோடு ஒப்பிடுக. மஞ்சட்பொடியை நீரிற் கரைத்துச் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் அது செந்நீராகும். மங்கல நாள்களில் ஆலத்தி சுற்றுதற்கு மகளிர் அமைக்கும் நீர் அதுவே. எனவே, மனையெங்கும் மங்கலப் பொருளாக விளங்கும் மஞ்சள், சுண்ணாம்புச் சுவரில் தன் நிறத்தோடு நிற்றற்கு இயலாது. செடிகொடிகளினின்று கிடைக்கும் சாயங்கள் பலவும் இவ்வாறே சுண்ணாம்பின்முன் நிலைதிரிவன. ஆதலின், சுண்ணாம்புச் சுவருக்கு இசைந்தவை காவி, மஞ்சள் மண், கரி முதலிய சில பொருள்களேயாம். வெண்மையோடு செம்மை இணைந்தமைக்கு அழகுணர்ச்சி ஒன்றே காரணமன்று. சுண்ணாம்பு தன்னோடு இருக்க இசைந்த சில நிறங்களுள் காவி தலையாயது என்பதும் காரணமாகும்.

ஒளியைப் பொறுத்தவரை இரண்டும் எதிரெதிர்த் தன்மையுடையன. புதிதாகப் பூசிய வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கினைத் திருப்பியனுப்பும். ஆழ்ந்த காவிச் சுவர் 20 பங்கு அனுப்புதலும் அரிது. வெண்மை ஒளியைப் பரப்பும். செம்மை ஒளியை உண்ணும். ஆயின் வெண்மை அழுக்கைக் காட்டும். செம்மை அதனை மறைக்கும். இவ்விரு தொழில்களையும் நினைவில் நிறுத்திச் சென்னையின் இல்லங்களுட் புகுவோம்.

3. சென்னைச் சுண்ணம்

சென்னைக்கு வந்த ஐரோப்பியர் இந்நகரின் சுண்ணச் சாந்தினைக் கண்டு வியந்தனர். சுண்ணம் என்னும் சொல்லே 'சுனாம்' என அவர்தம் மொழியிற் குடிபுகுந்தது. செயிண்டு எலினாத் தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக் என்பார், சென்னையிற் சிறந்த சாந்து செய்யும் முறையை விளக்கி எழுதிய குறிப்பு, 1732-ஆம் ஆண்டளவில் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. கிளிஞ்சற் சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய் ஆகியவற்றையும், மேற்பூச்சுக்கு முட்டை வெண்கரு, நெய், தயிர் ஆகியவற்றையும் சேர்க்கும் வழக்கம் அதனுட் கூறப்பட்டுள்ளது. நம் கொத்தர்கள் செவிவழியாகக் காத்துவந்த கலை அயல்நாட்டு அறிஞர்முன் ஆய்வுப்பொருளாக வைக்கப்பெற்றமை கருதத்தக்கது.

பழவேற்காடு, எண்ணூர் முதலிய உப்பங்கழிகளின் கிளிஞ்சல் இச்சுண்ணத்துக்கு அடிப்படை. சாந்தினை அடுக்கடுக்காகப் பூசி, இறுதி அடுக்கு உலருமுன் வழுவழுப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றுவர். சுவர் பளிங்குபோல் ஆகும். ஓவியர் வில்லியம் ஆட்ஜசு 1793-இல் வெளியிட்ட தம் இந்தியப் பயண நூலில், சென்னைக் கட்டடங்களின் சுண்ணப் பூச்சினைப் பளிங்குக்கு இணையாக மதித்து எழுதினார். நெடுநல்வாடையிற் சுதைக்கு வெள்ளி உவமையானதும் இத்தகைய மெருகினை நோக்கியே ஆதல் கூடும். வெறும் வெள்ளையடிப்பு வெண்மை தருமேயன்றி உலோகத்தின் ஒளி தாராது. மெருகேற்றிய சுதையோ விளக்கொளியை ஏற்று வெள்ளிபோல் மிளிரும்.

இவ்வெண்மையின் பொதுநிலை வடிவத்தை 1802-இல் முடிவுற்ற விருந்து மண்டபத்திற் காணலாம். வானூலறிஞர் கோல்டிங்காம் அமைத்த இக்கட்டடம் இன்று இராசாசி மண்டபம் என வழங்குகின்றது. உயர்ந்த தூண்களும் அகன்ற கூடமும் வெண்மையால் விளக்கமுறுகின்றன. இதற்கு மாறாக, 1874 முதல் 1879 வரை சிசோம் சேப்பாக்கத்தில் எழுப்பிய சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்ற மாளிகை, செங்கல்லின் செம்மையையும், உட்கூடத்தில் வண்ணக் கண்ணாடியையும் வண்ண எழுத்தணியையும் கொண்டு விளங்குகின்றது. முக்கால் நூற்றாண்டு இடைவெளியில், நடந்துசெல்லும் தொலைவில், அரசினர் எழுப்பிய இரு கூடங்கள் இருவேறு நிறநெறியைப் பின்பற்றின. இவற்றுள் எது தமிழ்நாட்டுக்கு உரியது என வினவுதல் பயனற்றது. இரண்டும் பயன்படுத்திய பொருள்கள் இந்நாட்டு இல்லங்களில் முன்னரே ஒருங்கிருந்தவை.

4. மயிலைக் கூடம்

அவை ஒருங்கிருந்த முறையைக் கபாலீச்சுரத்தின் மாட வீதிகளிலும் அவற்றையடுத்த தெருக்களிலும் இருந்த பழைய இல்லங்கள் காட்டும். இன்று அவற்றுட் பல அடுக்குமாடிக் கட்டடங்களாக மாறிவிட்டன, எஞ்சியவை சிலவே. திண்ணை, இரேழி, முற்றம், கூடம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு என்பன அவற்றின் உறுப்புகள். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தமையின் பக்கச் சுவர்களிற் சாளரம் வைத்தற்கு இடமில்லை. வானத்தினின்று முற்றத்தின் வழியாக இறங்கும் ஒளியே கூடத்துக்கு ஒளி. அவ்வொளியை உள்ளறை வரையிற் கொண்டுசெல்லும் பொறுப்பு சுவரைச் சார்ந்தது. வெண்சுதை அப்பொறுப்பை நிறைவேற்றியது. அகல்விளக்கின் காலத்தில் வெண்மை அணியாக மட்டும் நின்றதில்லை. விளக்கிற்குத் துணையாகவும் நின்றது.

அதே கூடத்திற் செம்மைக்கும் இடமிருந்தது. சுவரின் அடியிற் காவிப்பட்டை தீட்டுவர். தரையைக் கழுவும்போது தெறிக்கும் நீரும், நடப்போர் கால்பட்டு ஏறும் புழுதியும், சாய்ந்திருப்போர் முதுகிலும் தலையிலுமிருந்து படியும் எண்ணெயும் தாக்கும் இடம் அது. வெண்மை ஆண்டு நில்லாது. வாயிற்படியிலும் கோலத்தின் ஓரத்திலும் காவியோ செம்மண்ணோ இடுவதும், கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் மாறிமாறி நிற்கும் பட்டை தீட்டுவதும் இவ்விணையின் பிற வடிவங்கள். மேலே ஒளியைப் பரப்புதற்கு வெண்மை. கீழே தேய்வைத் தாங்குதற்குச் செம்மை. ஒரே சுவரில் இரண்டும் தத்தம் தொழிலைச் செய்தன.

காலத்தைப் பொறுத்தும் இவ்விரண்டுக்கும் வேறுபாடுண்டு. சுண்ணாம்புப் பூச்சு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தல் பொதுவழக்கு. நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, ஒட்டுதற்குக் கஞ்சியோ வச்சிரமோ சேர்த்து, பழுப்புத் தோன்றாதிருக்கச் சிறிது நீலம் கலந்து, நார்மட்டையால் அடிப்பர். அடுப்புப் புகையும் விளக்குக் கரியும் படிந்த சுவர் தை பிறக்குமுன் மீண்டும் வெளுக்கும். தூய்மைக்கும் இதற்குமுள்ள தொடர்பு வெறும் நம்பிக்கையன்று. சுண்ணாம்பின் காரம் நோய்க்கிருமிகளை அழிக்கும். 1896-இல் பம்பாயிற் கொள்ளைநோய் தோன்றியபோது வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசுதல் தடுப்பு முறைகளுள் ஒன்றாக மேற்கொள்ளப்பட்டது.

இவ்வழக்கின் வலிமையை மொழியே காட்டும். சுவருக்கு எந்நிறம் பூசினும் 'வீட்டுக்கு வெள்ளையடித்தல்' என்றே மக்கள் கூறக் கேட்கின்றோம். பச்சை பூசினும் வெள்ளையடிப்பே; இளஞ்சிவப்புப் பூசினும் வெள்ளையடிப்பே. ஒரு நிறத்தின் பெயர் ஒரு தொழிலின் பெயராகி, அந்நிறம் நீங்கிய பின்னும் நிலைத்துவிட்டது. எண்ணெய் என்பது எள்ளின் நெய்க்கே உரியதாயிருந்து, பின்னர்த் தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய் என விரிந்தமை போல்வது இது.

5. மாம்பலத்திலும் அடையாற்றிலும் நிகழ்ந்த மாற்றம்

மயிலைக்கு மேற்கே பரந்திருந்த நீண்ட ஏரி 1923 முதல் வடிக்கப்பட்டு, அந்நிலத்தில் புதிய குடியிருப்பு வகுக்கப்பெற்றது. பிட்டி தியாகராய செட்டியார் (1852–1925) பெயரால் அது தியாகராயநகர் ஆயிற்று. ஆண்டு எழுந்த இல்லங்கள் மயிலை இல்லங்களினின்றும் அமைப்பில் வேறுபட்டன. மனையின் நடுவே வீடு, நாற்புறமும் தோட்டம், நாற்புறமும் சாளரம். முற்றம் தேவையற்றதாயிற்று. மின்விளக்கும் உடன் வந்தது. ஒளியைப் பரப்பும் பொறுப்பினின்று சுவர் விடுதலை பெற்றது என்று கூறலாம்.

விடுதலை பெற்ற சுவர் வேறு நிறங்களை நாடியது. நீரிற் கரைத்துப் பூசும் டிஸ்டம்பர் வகைகள் இளம்பச்சை, இளநீலம், தந்தநிறம் என மென்னிறங்களைத் தந்தன. செம்மையோ சுவரடியினின்று இறங்கித் தரை முழுதும் பரவியது. சிமிட்டியோடு சிவப்பு ஆக்சைடு கலந்து இழைத்து மெருகேற்றிய செந்தளம், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட சென்னை இல்லங்களின் அடையாளமாயிற்று. ஆக்சைடு என்னும் பெயர் புதிது; பொருள் பழைய காவியின் இனமே. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கிய அது சிமிட்டியின் காரத்தையும் தாங்கியது. வெளிறிய சுவரும் சிவந்த தரையுமாக, மயிலைக் கூடத்தின் இணை புதிய வடிவிற் தொடர்ந்தது.

அடையாற்றின் நிலை சிறிது வேறு. பிரமஞான சபையார் 1882-இல் தம் தலைமையகத்தை ஆங்கு அமைத்தபோது, ஆற்றங்கரை தோட்டங்களாக இருந்தது. நாடு விடுதலை பெற்றபின் காந்தி நகர் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. கடலும் கழிமுகமும் அண்மையில் உள்ளமையின் இப்பகுதிச் சுவர்களுக்கு உப்பு பெரும்பகை. சுவரினுட் புகுந்த உப்பு, ஈரம் உலரும்போது மேற்பரப்பிற் பூத்து, பூச்சினைத் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சு அவ்வுப்பினை ஏற்றுத் தான் உதிரும். அடுத்த ஆண்டு புதிய பூச்சு அதனிடத்தைப் பெறும். சுவரைக் காத்தற்குத் தன்னைக் கொடுப்பது அது. ஈரம் புகவிடாத பிளாஸ்டிக் பூச்சோ உப்பினை உள்ளே அடைத்து, கொப்புளித்து, சாந்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

இனி இன்றைய அடுக்குமாடி இல்லங்களை நோக்குவோம். வெளிறிய பளபளப்புடைய ஓடுகள் தரையிற் பதிக்கப்படுகின்றன. கூடத்தின் மூன்று சுவர்களுக்கு ஒரு மென்னிறமும், நான்காவது சுவருக்குச் செங்கல்நிறம் போன்ற ஆழ்ந்ததொரு நிறமும் பூசுதல் பெருகிவருகின்றது. தரை வெளுத்தது, சுவர் சிவந்தது. மயிலையிற் கீழிருந்த செம்மை மேலேறியது. மேலிருந்த வெண்மை கீழிறங்கியது. நிறங்கள் மறையவில்லை. அவற்றின் தொழில்கள் மறந்துபோயின. அழுக்கு மிகுதியாகப் படியும் தரைக்கு அழுக்கைக் காட்டும் வெண்மையும், ஒளி குன்றிய அறையின் சுவருக்கு ஒளியை உண்ணும் செம்மையும் வாய்த்தன. நாள்தோறும் துடைத்தலும், பகலிலும் விளக்கேற்றுதலும் இதன் விளைவுகள்.

6. வெண்மை மூன்று

நிறத்தின் பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று என்பதையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். சுவரின் வெண்மை வரலாற்றில் மூன்று பொருள்களால் அமைந்தது. முதலாவது சுண்ணாம்பு. இரண்டாவது ஈயவெள்ளை, எண்ணெயிற் குழைத்துப் பூசப்பட்டது, நன்கு மறைக்கும் ஆற்றலுடையது, ஆயின் நஞ்சு. பூசும் தொழிலாளரை அது தாக்கியமையால், கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈயவெள்ளையை விலக்கும் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் இயற்றியது. மூன்றாவது டைட்டேனியம் வெள்ளை. இது முதல் உலகப் போரை ஒட்டி வணிகமுறையில் தோன்றியது. இந்தியாவில் இதனைச் செய்தற்கெனத் திருவிதாங்கூர் டைட்டேனியம் ஆலை 1946-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பெற்றது. தென்கடற்கரையின் கருமணலே இதற்கு மூலப்பொருள். கருமணலினின்று பெருவெண்மை பிறந்தது வியப்பிற்குரியது.

செம்மைக்கும் இவ்வேறுபாடு உண்டு. காவியின் செம்மை தீங்கற்றது. ஈயச் செந்தூரத்தின் செம்மை நஞ்சுடையது. இல்லப் பூச்சுகளில் ஈயம் பத்து இலக்கத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி இந்தியாவில் 2016-இல் வெளியிடப்பெற்று, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே, அதற்கு முற்பட்ட பூச்சுகளைச் சுரண்டும்போது எழும் தூளைக் குழந்தைகள் உண்ணாமலும் சுவாசிக்காமலும் காத்தல் வேண்டும். வெண்மை நன்றா, செம்மை நன்றா என்னும் வினாவுக்குமுன், எவ்வெண்மை, எச்செம்மை என்னும் வினா நிற்கின்றது. நிறமாதிரி அட்டை இதற்கு விடை கூறாது.

7. முடிபு

இனி, நெடுநல்வாடையின் ஐயத்திற்கு மீள்வோம். ஒரே அறையில் வெள்ளியும் செம்பும் உவமையாக நிற்றல் முரண் என்று தோன்றியது, சுவர் முழுதும் ஒரே நிறத்தது என யாம் கொண்ட இக்காலப் பழக்கத்தால் ஆகும். மயிலைக் கூடத்தின் வழக்கத்தை அறிந்தார்க்கு அம்முரண் தோன்றாது. மெருகேற்றிய வெண்சுதை ஒரு பகுதியாகவும், செங்காவி பூசிய பரப்பு மற்றொரு பகுதியாகவும், அதன்மேற் பூங்கொடி எழுதப்பெற்றதாகவும் அவ்வறை இருந்திருத்தல் கூடும். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகர மாடங்களின் வெண்சுதையில் ஓவியம் எழுதப்பட்டிருந்தமை கூறப்படுகின்றது. வெண்சுதையும் வண்ணமும் ஒருங்கிருந்தமைக்கு அது துணைச்சான்று. எனவே, செம்பினை உருவுவமையாகக் கொள்ளுதற்குப் பொருளியல்பிலோ இல்லவழக்கிலோ தடையில்லை என்பது எம் கருத்து. பிற்கால இல்லவழக்கு ஒன்றைக்கொண்டு முற்காலச் செய்யுளை முடிந்த முடிபாக உரைத்தல் இயலாது. இயலாதது என ஒதுக்கப்பட்டதொரு பொருளை இயலும் என நிறுவுதலே ஈண்டு யாம் செய்தது.

இத்தகைய சான்றுகள் நாள்தோறும் மறைந்துவருகின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின்கீழ்ச் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931-இற் கண்டறிந்தார். மேற்பூச்சு அழிக்கும் பூச்சாக மட்டும் இராது, காக்கும் பூச்சாகவும் ஆகும் என்பதை அது உணர்த்தியது. மயிலையின் பழைய இல்லங்களிலும் ஆண்டுக்கு ஒன்றாகப் படிந்த சுண்ணாம்பு அடுக்குகள் உள. அவற்றிடையே எந்த அடுக்கில் நீலம் புகுந்தது, எதிற் காவிப்பட்டை நின்றது, எதில் டிஸ்டம்பர் தொடங்கியது என்பவற்றை ஒரு சிறு கத்தியும் உருப்பெருக்கியும் கொண்டு அறிதல் இயலும். ஏட்டுச்சுவடியிற் பாடவேறுபாடு காண்பார்க்கு இப்பணி அயலானதன்று.

ஆதலின், யாம் வேண்டுவன இரண்டு. பழைய சுண்ணாம்புச் சுவருடைய இல்லத்தார், நிறம் தேர்வதற்குமுன் அச்சுவரின் இயல்பை ஆராய்தல் வேண்டும். அதற்கு இசைந்தது சுண்ணாம்பே. வேற்று நிறம் விரும்பின் சுண்ணாம்போடு இசையும் காவியும் மஞ்சள் மண்ணும் உள. முற்றமும் சாளரமும் குறைந்த அறைக்கு வெண்மையே தக்கது. கால்பட்டுத் தேயும் இடத்துக்குச் செம்மையே தக்கது. தமிழ் பயிலும் மாணவர்களும் தத்தம் தெருவில் இடிக்கப்படவிருக்கும் இல்லமொன்றின் சுவரையேனும் நோக்கி, அதன் அடுக்குகளையும், அவ்வீட்டார் அவற்றுக்கு வழங்கும் சொற்களையும் குறித்துவைத்தல் வேண்டும். நெடுநல்வாடை நம் கையில் இருக்கின்றது. அதற்கு உரையாக நிற்கும் சுவர்கள் அவ்வாறு நெடுநாள் இரா.